கொலையில்லாத மர்ம நாவல்: பாட்டியின் 3 பவுன் செயின் முடிச்சு நிற்குமா?

வடக்குமாடவீதி

மயிலாப்பூரில் நடக்கிற ஒரு மென்மையான மர்ம நாவலுக்கு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, ஜீப் சத்தமும் கிடையாது. அன்றாட நியாய அநியாயமும், எதிர்பாராமல் வருகிற ஒரு காதலும்தான் விஷயம். ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

காலம் 2024 ஆவணி. சித்திரக்குளம் பக்கம் ஆறு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககம். முதல் மாடியில் 79 வயதுப் பாட்டி. 1963 வைகாசியில் தன் கல்யாணத்துக்குப் போட்ட 3 பவுன் முறுக்கு செயினைப் பேத்தி கல்யாணத்துக்காக பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கீழ்வீட்டு ஏகாம்பரம் (62, மனைவி இல்லை) வங்கியில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செயினைப் பார்த்ததும் "இது கவரிங்" என்கிறார். மாற்றியது யார்? மகன், மருமகள், சமையல் மாமி, பகல் நேர உதவியாளர் மல்லிகா (49) என்று நான்கு பேர். கடைசியில் மல்லிகாதான், மகளின் ஆபரேஷனுக்காக. அது தெரிய வருவதற்குள் ஏகாம்பரத்துக்கு அவர் மேல் மனசு போய்விடுகிறது.

24 அத்தியாயம், ஒன்று 1,800 சொல். மொத்தம் 43,200.

மூன்றாம்கோணம்

ஏகாம்பரம், மல்லிகா, பாட்டி, மூன்று பேரும் நல்ல பாத்திரங்கள். முடிச்சுதான் சப்பை. "இது கவரிங்" என்று முதல் அத்தியாயத்திலேயே சொன்னால் வாசகர் நேரே மல்லிகாவைப் பார்ப்பார். வீட்டு வேலைக்கு வருகிறவர், ஆபரேஷன், அழுகை என்று தொலைக்காட்சித் தொடரில் ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. ஆபரேஷன் என்று வந்ததுமே வாசகர் மன்னித்துவிடுவார். மன்னித்த பிறகு எடைபோட என்ன இருக்கிறது?

காரணம் சின்னதாக, கொஞ்சம் கூச்சப்பட வைப்பதாக இருக்கட்டும். உதாரணம்: வாடகை அட்வான்ஸ். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கேட்பது தெரிந்த கதை. 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், 3 மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. அதை வீட்டுக்காரரிடம் சொன்னால் வீடு கிடைக்காது. மந்தைவெளி உள்சந்தில் ஒற்றை அறை, 4,500 வாடகை, 45,000 அட்வான்ஸ். உயிர் போகிற அவசரம் இல்லை, பேராசையும் இல்லை. இங்கேதான் வாசகர் தடுமாறுவார்.

உரைகல்

நகை விஷயத்தில் சில திருத்தங்கள்.

வங்கிகளில் நகை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் ஊழியர் இல்லை. ஒரு நகைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் வெளியாள். பல பேர் பத்தர் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள். "ஓய்வு பெற்றார்", "பென்ஷன் வாங்கினார்" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். "கண் பார்வை குறைந்ததால் வங்கிக்குப் போவதை விட்டார்" என்று எழுதுங்கள். பென்ஷன் இல்லாத 62 வயது, காதலுக்கும் வேறு கனம் கொடுக்கும்.

கவரிங் யோசனையும் தேறாது. பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5. 22 காரட் தங்கம் சுமார் 17.7. அதே பருமனில் கவரிங் பாதி எடைகூட இருக்காது. பாட்டி கையில் எடுத்த நொடியே தெரிந்துவிடும்.

என் யோசனை இது. செயின் நல்ல தங்கமாகவே இருக்கட்டும். ஏகாம்பரம் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார், கொக்கிப் பக்கத்துத் தகட்டில் பொடியாக லேசர் முத்திரை: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சின்னம், 22கே916, நகைக்கு நகை மாறுகிற ஆறு எழுத்து-எண் அடையாளமான எச்.யு.ஐ.டி. அந்த ஆறிலக்கம் 2021 ஜூலையில்தான் வந்தது. தங்கத்துக்கு ஹால்மார்க் என்பதே இந்தியாவில் 2000ல் தொடங்கியது. 1963 கல்யாணச் செயினில் அது எப்படி வரும்? பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறையும் அடித்தால் எந்த மையத்தில், எந்தத் தேதியில் முத்திரை போட்டார்கள் என்று காட்டும். 2024 ஜனவரி என்று வரட்டும்.

வீட்டில் எதுவும் தொலையவில்லை. 3 பவுன் இருந்த இடத்தில் 3 பவுன் இருக்கிறது. ஆனால் அது இந்த நகை இல்லை.

மூன்றாம்கோணம்

இதுதான் முடிச்சு! போலீஸ் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எதைக் காணோம் என்று புகார் கொடுப்பது?

சட்டப்புள்ளி

ஆமாம். மயிலாப்பூர் ஈ-1 நிலையத்துக்குப் போனால்கூட முதலில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகார் வந்தது என்பதற்கான சீட்டு) கொடுப்பார்கள். "நகை வீட்டில்தானே இருக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் திருப்பி வைத்துவிட்டதால் குற்றம் அழிந்துவிடாது. வேலை செய்கிற வீட்டில் எடுத்தது 2020ல் என்றால் பழைய இ.பி.கோ. 381, ஏழு வருஷம் வரை தண்டனை. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டாலும், நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும். ஏகாம்பரம் வாய் திறந்தால் மல்லிகாவுக்கு என்ன ஆகும் என்பது நிஜமான ஆபத்தாக இருந்தால்தான் அவருடைய மௌனத்துக்கு விலை உண்டு. அந்தப் பிரிவு எண்ணைப் பேத்தியின் வருங்காலக் கணவன் வாயில், சாப்பாட்டு மேஜையில், போகிற போக்கில் வைத்துவிடுங்கள்.

வடக்குமாடவீதி

பிரமாதம். அப்படியென்றால்: மல்லிகா செயினை அடகு வைத்தார், மீட்க முடியவில்லை, ஏலம் போய்விட்டது, மாசம் 4,500 வீதம் காசு சேர்த்துப் புதுச் செயின் வாங்கி வைத்தார். ஒரு கணக்கு இடிக்கிறது. மாசம் 4,500 சேமிக்க முடிகிறவர் ஒரு வருஷத்தில் 54,000 சேர்த்திருப்பாரே, அதை வைத்தே அடகை மீட்டிருக்கலாமே?

சட்டப்புள்ளி

தேதியை நகர்த்துங்கள். அடகு வைத்தது 2020 மார்ச் முதல் வாரம். மார்ச் 25 ஊரடங்கு. 1943ம் வருஷத்து அடகுக் கடைச் சட்டப்படி மீட்க ஓராண்டு, அதற்கு மேல் 7 நாள். அது முடிந்தால் ஏலம். அந்த ஒரு வருஷமும் எந்த வருஷம் என்று எல்லோருக்கும் தெரியும். 2021 மார்ச் நடுவில் நகை கைவிட்டுப் போகிறது. சேமிப்பு ஏப்ரலில் தொடங்குகிறது. அது மீட்புக்கு இல்லை, ஈடுகட்ட.

திண்ணைவாசகி

ஒரு நிமிஷம். ஊரடங்கில் மல்லிகா வேலைக்கு வர முடியாதபோது இந்த வீட்டில் சம்பளம் கொடுத்தார்களா?

இதை யாரும் கேட்கவில்லை. நாவலின் பாதி அறம் இங்கே இருக்கிறது. சென்னையில் மார்ச் 25ல் தொடங்கியது, ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை இன்னும் கடுமையாக இருந்தது. மாசம் 11,500 சம்பளம் என்று வையுங்கள். மார்ச் 25 முதல் ஜூலை 5 வரை 3 மாதம் 11 நாள். 34,500 கூட்டல் 4,217. மொத்தம் 38,717 ரூபாய். மகன் கொடுக்கவில்லை. "வராத நாளுக்கு எப்படிக் கொடுக்கறது?" என்று நல்ல மனுஷன் குரலில்தான் சொல்லியிருப்பான். அவன் சட்டப்படி திருடன் இல்லை. இவள் சட்டப்படி திருடி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், பக்கத்துப் பக்கத்து அத்தியாயத்தில் வையுங்கள், போதும்.

பிழைதிருத்தி

திண்ணைவாசகி சொன்னதில் ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸ் 45,000, சம்பளப் பாக்கி 38,717. வித்தியாசம் இருக்கட்டும். "ரெண்டும் சரியாப் போச்சு" என்று நேர் செய்துவிடாதீர்கள். கணக்கு நேரானால் நாவல் முடிந்துவிடும். நேராகாத 6,283 ரூபாய்தான் உங்களைக் கடைசி அத்தியாயம் வரை இழுத்துப்போகும்.

உரைகல்

இன்னொரு பொருள் கையில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. 1963 வைகாசி.

அந்த வருஷம் ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. பத்தர்கள் தொழில் படுத்தது. பின்னால் தளர்த்தினார்கள், 1968ல் தனிச் சட்டம் போட்டார்கள், 1990ல்தான் அது போனது. ஆக அந்த வைகாசியில் செய்த செயின் 14 காரட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 14 என்றால் நூற்றுக்கு 58.3 தங்கம். 22 என்றால் 91.6.

பாட்டியின் பழைய செயின் பத்தரை மாற்றே இல்லை. மல்லிகாவுக்கு அது தெரியாது. 24 கிராம் எடுத்தோம், 24 கிராம் வைக்கணும் என்று 22 காரட்டில் வாங்கி வைத்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். 24 கிராம் 14 காரட் என்பது 22 காரட்டில் 15.27 கிராமுக்குச் சமம். 2024 ஜனவரியில் கிராம் 5,850 என்று வைத்தால் பழையதின் தங்க மதிப்பு 89,300 சொச்சம். புதியதின் தங்க மதிப்பு 1,40,400. எடுத்ததைவிட 51,000 ரூபாய்க்கு மேல் அதிகமாகத் திருப்பி வைத்திருக்கிறார்.

மூன்றாம்கோணம்

படித்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டியதாகிவிட்டது. திருடியவளுக்கு வீடு கடன்பட்டிருக்கிறது!

ஆனால் 1963ல் கள்ளத்தனமாக 22ல் செய்து கொடுத்த பத்தர்களும் இருந்திருப்பார்களே? "வாய்ப்பு அதிகம்" என்பதை மட்டும் வைத்து 21ம் அத்தியாயத்தில் முடிச்சவிழ்க்க முடியாது. நாக்ஸ் பாதிரியார் 1929ல் துப்பறியும் கதைகளுக்கு எழுதிய பத்து விதியில் எட்டாவது: துப்பறிகிறவர் கண்டதை வாசகருக்கும் காட்டிவிட வேண்டும். 14 என்பதற்குக் காகிதம் வேண்டும்.

உரைகல்

அடகுச் சீட்டு. அதில் காரட் எழுதியிருக்க வேண்டாம். எடை 24 கிராம், மதிப்பு 62,600, கடன் 47,000 என்று மட்டும் இருக்கட்டும். 2020 மார்ச் முதல் வாரம் 22 காரட் கிராம் சுமார் 4,100. அப்படியானால் 24 கிராம் 98,400 வந்திருக்க வேண்டும். சீட்டில் 62,600தான் இருக்கிறது. 62,600ஐ 98,400ஆல் வகுத்து 22ஆல் பெருக்குங்கள். 14 வரும்.

அடகுக் கடைக்காரருக்கு உரைகல்லில் ஒரு இழுப்பு, பக்கத்தில் தெரிந்த மாற்றுக் கம்பியில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. அவர் சொல்லவில்லை, மல்லிகா கேட்கவில்லை. மல்லிகா பார்த்தது எடையையும், கையில் வந்த 47,000ஐயும்.

நகைக்கடன் கம்பெனிக்குப் போனதாக எழுதாதீர்கள். அவர்கள் பலரும் 18 காரட்டுக்குக் கீழே தொட மாட்டார்கள். மூலைக் கடை சேட்டுதான் சரி.

வடக்குமாடவீதி

சீட்டு யாரிடம் இருக்கிறது?

திண்ணைவாசகி

பாட்டியிடம். வேறு யாரிடம் இருந்தாலும் வீண்.

மல்லிகா முந்தானையிலிருந்து விழுந்த சீட்டை அன்றைக்கே பாட்டி எடுத்து, கையில் இருந்த பஞ்சாங்கத்தில் செருகிவிட்டார். 2020 மார்ச் என்றால் விகாரி வருஷம். சார்வரி ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. பாட்டி ஒவ்வொரு சித்திரையிலும் பழைய பஞ்சாங்கத்தைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார் என்று 2ம் அத்தியாயத்தில் ஒரு வரி. 6ம் அத்தியாயத்தில் குரோதி வருஷத்துப் பஞ்சாங்கத்துக்கு அடியில் விகாரி ஒன்று மட்டும் இருப்பதை ஏகாம்பரம் பார்க்கிறார். நடுவில் நான்கு வருஷத்துப் பஞ்சாங்கம் இல்லை. சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது எல்லாம் போய்விட்டன. இதை எண்ணிப் பார்க்கிற வாசகருக்குப் பாட்டிக்கு முதலிலிருந்தே தெரியும் என்று 6லேயே பிடிபட்டுவிடும். நூறில் மூன்று பேர் பிடிப்பார்கள். அந்த மூன்று பேருக்காக எழுதுங்கள்.

பிழைதிருத்தி

பிடிக்கவே முடியாதபடி புதைக்கவும் வேண்டாம். துப்பை வைக்க ஒரே வழிதான் உருப்படியானது: அந்தப் பொருளுக்கு அந்த இடத்தில் வேறு ஒரு வேலை இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தை ஏகாம்பரம் எடுப்பது துப்பறிய இல்லை. கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க நாள் பார்க்கச் சொல்லிப் பாட்டி கேட்கிறார், கை தவறிப் பழையதை எடுத்துவிடுகிறார், "அது இல்லடா, மேல இருக்கறது" என்று பாட்டி கொஞ்சம் அவசரமாகச் சொல்கிறார். அந்த அவசரம் போதும். அடுத்த வரியிலேயே காபி வந்துவிடட்டும்.

நகைச் சீட்டு அட்டையும் (புதுச் செயினுக்காக மல்லிகா நகைக்கடையில் மாசத் தவணை கட்டிய அட்டை) அப்படியே. மல்லிகா பையில் ஏகாம்பரம் கண்டெடுத்தார் என்று எழுதினால் அது போலீஸ் வேலை. மருந்துக் கடைக்குப் போகும்போது மாத்திரை எழுதிய தாளுக்குப் பதில் மல்லிகாவே அந்த அட்டையை அவரிடம் நீட்டிவிடுகிறார். 11 கட்டம், எல்லாவற்றிலும் முத்திரை.

உரைகல்

11 கட்டம் என்பது சரி. முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்ட விதியால் கடைக்காரர்கள் 11 மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை சரியாக மூன்று சுற்று, 33 மாதம். மாசம் 4,500 என்றால் 1,48,500. முதல் இரண்டு சுற்றின் முடிவில் நாணயமாக எடுத்திருப்பார்.

2024 ஜனவரியில் செயின் விலை: தங்கம் 1,40,400, சேதாரம் 10 சதவீதம் 14,040, இரண்டையும் கூட்டி அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 4,633. மொத்தம் 1,59,073. குறைகிற 10,573ஐ நாணயங்களின் விலையேற்றம் சரிக்கட்டிவிடும். பொங்கலுக்கு முன் பீரோவில் வைத்துவிடலாம்.

இடையில் மூன்றே முக்கால் வருஷம் பையில் என்ன இருந்தது என்று ஒருவர் கேட்பார். கவரிங்தான். கையில் எடுத்தால் பாட்டிக்குத் தெரிந்துவிடும், ஆனால் அவருக்குத்தான் முன்பே தெரியுமே. பாட்டி தினம் போடுகிற செயினாக இருந்தால் வியர்வை பட்டு மூன்று மாதத்தில் பல்லிளித்துவிடும். ஆகவே இது வெல்வெட் பையில் தூங்குகிற, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் வெளியே வருகிற செயின்.

மூன்றாம்கோணம்

கல்யாண போட்டோவை வைத்து ஒரு துப்பு தோன்றுகிறது. 14 காரட் எடை குறைவான உலோகம் இல்லையா? அதே 24 கிராமுக்குப் பழைய செயின் தடியாக இருந்திருக்கும். புதுசு கால்வாசி மெலிசு. கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும்.

உரைகல்

யோசனை நல்லது, அளவு தப்பு. 14 காரட் அடர்த்தி சுமார் 13.3. 24 கிராமுக்குக் கன அளவு 1.80 மில்லி. 22 காரட்டில் 1.36. கன அளவில்தான் கால்வாசி குறையும். நீளம் ஒன்றே என்றால் குறுக்களவு வர்க்கமூலத்தில் போகும், 13 சதவீதம்தான் குறையும். 3 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2.6. படத்தில் ஒன்றும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாது, அறுபது வருஷம் அதை உருட்டிய விரலுக்குத் தெரியும். போட்டோவை விடுங்கள். பாட்டி செயினைப் பேத்தி கையில் கொடுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தடவை கொக்கியிலிருந்து கீழே வரை போகட்டும். ஒரு வரி. விளக்கம் வேண்டாம்.

வடக்குமாடவீதி

ஏகாம்பரம் வீட்டிலேயே தங்கத்தைச் சோதிக்கிற காட்சி வேண்டும். 4ம் அத்தியாயம். எப்படிச் செய்வார்?

உரைகல்

0.01 கிராம் காட்டும் சின்ன மின்தராசு. அதன் மேல் முக்கால் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து, எடையைச் சுழியாக்கிக்கொள்வார். செயினைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக இறக்குவார். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. தராசு காட்டுகிற கிராம்தான் செயினின் கன அளவு, மில்லியில். 24 கிராம் 22 காரட்டுக்கு 1.36ஐ ஒட்டி வரும். வெள்ளிக்கு முலாம் என்றால் 2.3, பித்தளை என்றால் 2.8.

தவறு நடக்கிற இடங்கள்: முறுக்குக்குள் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் எண் கூடும், தங்கத்தையே மட்டம் என்று காட்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு, செயினை ஒரு தடவை உதறி இறக்க வேண்டும். உள்கூடான நகை, அரக்கு வைத்த நகைக்கு இந்த வழியே ஆகாது. கடைகளில் வைத்திருக்கிற காரட் மீட்டர் மேற்பரப்பில் சில மைக்ரான்தான் பார்க்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். அதனால்தான் ஏகாம்பரம் பழைய வழியை நம்புகிறார் என்று எழுதலாம்.

முதல் தடவை 1.9 வரட்டும். எல்லோரும் "கவரிங்" என்று முகத்தைப் பார்க்கட்டும். அவர் உதறிவிட்டு மறுபடி இறக்கட்டும். 1.36.

பிழைதிருத்தி

இப்போது காதல். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. நகைக் கணக்கு சுவாரசியம்தான், ஆனால் பாதிப் புத்தகம் அதுதானே.

தமிழில் காதலைச் சொல்ல அழைப்புச் சொல்லே போதும். மல்லிகா அவரை "சார்" என்பார். அவர் "ஏம்மா" என்பார். 13ம் அத்தியாயத்தில் அவர் முதல் தடவையாக "மல்லிகா, கொஞ்சம் வாங்க" என்கிறார். "வா" இல்லை, "வாங்க". வீட்டு வேலைக்கு வருகிறவரைப் பெயர் சொல்லி "வாங்க" போடுவது அந்த அடுக்ககத்தில் யாரும் செய்யாத காரியம். சமையல் மாமி காது கொடுத்துக் கேட்டுவிடுகிறார். பிறகு மல்லிகா "சார்" என்ற சொல்லை விடுகிற இடம். அதற்கு முன்னும் பின்னும் காதல் என்ற சொல்லே வேண்டாம்.

மல்லிகாவுக்கு "இன்னா", "கீது" என்று போட்டு மெட்ராஸ் பாஷைக் கோமாளி ஆக்கிவிடாதீர்கள். ஒரு பத்திக்கு ஒரு சொல் போதும். மிச்சத்தை வாக்கியத்தின் வேகம் சொல்லும்.

திண்ணைவாசகி

பாட்டி வீட்டில் மல்லிகாவுக்கு டீ கொடுக்கிற டம்ளர் தனி. பின்கட்டு ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும். நல்லவர்கள் வீடுதான், திட்ட மாட்டார்கள், தீபாவளிக்குப் புடவை உண்டு. ஆனாலும் டம்ளர் தனி. இதைச் சொல்லாமல் மயிலாப்பூரில் "அன்றாட அறம்" எழுதினால் பஞ்சு வைத்த தலையணை மாதிரி இருக்கும்.

ஏகாம்பரம் தண்ணீர்ச் சோதனைக்கு "ஒரு டம்ளர் குடும்மா" என்று கேட்கும்போது மருமகள் கொண்டுவருவது அந்த ஜன்னல் டம்ளர். நகை முங்குமே, நல்ல டம்ளர் எதற்கு என்று. சோதனை முடிந்ததும் அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே டம்ளரைக் கழுவி அதில் காபி கேட்கிறார்.

பிழைதிருத்தி

நல்லா இருக்கு. டம்ளரை மொத்த நாவலில் இரண்டு தடவைக்கு மேல் காட்டாதீர்கள். மூன்றாவது தடவை அது சின்னம் ஆகிவிடும்.

மூன்றாம்கோணம்

எனக்கு முக்கியமான இடம் மதிப்பீட்டுச் சீட்டு. பேத்தி எழுத்தில் கேட்கிறாள். ஏகாம்பரம் எழுதுவார்: முறுக்கு செயின் ஒன்று, 24 கிராம், 916. எல்லாம் உண்மை. செய்த வருஷத்துக்கு அதில் கட்டம் இல்லை. ஆனால் ஹால்மார்க் நகை என்றால் அந்த ஆறிலக்கத்தை எழுதுவது ஒழுங்கு. எழுதினால் பேத்தி போனை எடுத்து ஒரு நிமிஷத்தில் 2024 ஜனவரி என்று பார்த்துவிடுவாள். எழுதாவிட்டால் பொய் இல்லை. ஆனால் கை நடுங்கும்.

எழுத வேண்டும் என்பது என் கட்சி. எழுதிவிட்டு, சீட்டைப் பேத்தியிடம் கொடுப்பதற்கு முன் மல்லிகாவிடம் காட்ட வேண்டும். மறைத்துக் காப்பாற்றுகிற ஆண் என்பது அலுத்துப்போன சரக்கு. அவர் தன் தொழிலுக்கும் பொய் சொல்லாமல், அவளுக்கும் ஒரு ராத்திரி அவகாசம் கொடுக்கிறார். அந்த ராத்திரி 19ம் அத்தியாயம் முழுக்க.

சட்டப்புள்ளி

மாற்றுக்கருத்து. அவர் வாய்மொழியாகப் பேத்திக்குச் சொல்லிவிட்டால் போதும். எழுத்தில் கொடுத்தால் அது ஆவணம், நாளைக்கு யார் கையிலும் போகும். பேத்தி நல்லவள்தான், வரப்போகிற கணவன் 381 பேசுகிறவன் ஆயிற்றே.

மூன்றாம்கோணம்

அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். ஆபத்தில்லாத நேர்மையை ஏன் ஒரு அத்தியாயம் எழுத வேண்டும்?

திண்ணைவாசகி

முடிவில் பாட்டி "எல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று பிரசங்கம் வைத்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன். மல்லிகா ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொல்ல வருகிறாள். வாய் திறப்பதற்கு முன் பாட்டி பால் கணக்கு நோட்டை நீட்டுகிறார். கடைசிப் பக்கத்தில் நடுங்கின கையெழுத்தில் 38,717. அதற்குக் கீழே, கழித்தலா கூட்டலா என்று தெரியாத ஒரு கோடு. அதன் கீழே காலி. "நீ போடுடீ கணக்க, எனக்குக் கண்ணு தெரியல." அவ்வளவுதான்.

வடக்குமாடவீதி

அத்தியாயம் பிரித்துவிட்டேன். 1 செயின், 3 முத்திரை, 4 தண்ணீர்ச் சோதனை, 6 பஞ்சாங்கம், 9 சாப்பாட்டு மேஜையில் 381, 11 சீட்டு அட்டை, 13 "வாங்க", 17 அடகுச் சீட்டு, 19 ராத்திரி, 21 வகுத்துப் பெருக்கி 14, 22 பால் நோட்டு. மகன் மேல் சந்தேகம் 5லிருந்து 10 வரை ஓடும். டெமி அளவில் பக்கத்துக்கு 220 சொல் என்றால் 196 பக்கம்.

ஒரே குறை. மல்லிகா மேல் முதல் துப்பு 11ல்தான் வருகிறது. தாமதம். 4லேயே ஒன்று வேண்டும், ஆனால் படிக்கும்போது துப்பு என்று தெரியக் கூடாது.

உரைகல்

தண்ணீர்ச் சோதனையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 0.01 கிராம் தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், எண் நிற்காது. அந்தக் கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏகாம்பரம் தராசைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைக்கிறார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகா எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து நிற்கட்டும்.